சாலையும் சக்கரமும் – 17: வழி யார் கையில்?

வடக்கே போதமலை, தெற்கே கொல்லிமலை, நடுவில் ராசிபுரத்திலிருந்து ஆத்தூருக்கு ஓடும் சாலை. நாமகிரிப்பேட்டை அந்தச் சாலையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை மஞ்சள் ஏலம் என்றால் விரலியும் உருண்டையும் பனங்காளியுமாக மூட்டைகள் லாரியிலும் டெம்போவிலும் வந்து இறங்கும். மூட்டைக்குச் சொந்தக்காரர் பஸ்ஸில் வருவார். ஆத்தூருக்கு விருத்தாசலம் பாதையில் ரயில் உண்டு. ராசிபுரத்துக்கு ரயில் வந்ததோ 2013இல், சேலம் – நாமக்கல் – கரூர் பாதை திறந்தபோது. ஆகவே இந்த ஊருக்குப் போக்குவரத்து என்றால் தலைமுறை தலைமுறையாகப் பேருந்துதான். அதனால் பேருந்தைப் பற்றி இங்கே எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு, அது பெரும்பாலும் ஒரே அபிப்பிராயம்: தனியார் வண்டி நேரத்துக்கு வரும், கவர்மென்ட் வண்டி வந்தால்தான் உண்டு. இந்தப் பேச்சு பொய்யில்லை. ஆனால் இதிலிருந்து, கம்பெனிகளிடமே எல்லாவற்றையும் விட்டிருந்தால் நாடு நேரத்துக்கு ஓடியிருக்கும் என்று முடிவு கட்டுகிறார்களே, அங்கேதான் வரலாறு குறுக்கே நிற்கிறது. பேருந்து யாருடையது என்பதைவிட, அது ஓடும் வழியும் புறப்படும் நேரமும் யார் கையில் என்பதே ஒரு ஊரின் போக்குவரத்தைத் தீர்மானித்திருக்கிறது. இந்தப் பகுதியில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். அதற்குச் சான்று தேட மதுரைக்கும் பொள்ளாச்சிக்கும் கொஞ்சம் போய்வர வேண்டும்.

முதலில் பர்மிட் என்ற ஒன்று இப்போதைய பொருளில் இல்லாத காலம். 1914ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வண்டியைப் பதிவு செய்தது, ஓட்டுநருக்கு உரிமம் கேட்டது. எந்த வழியில் எத்தனை வண்டி என்று கேட்கவில்லை. 1920களில் ஒரு பழைய சேசிஸ் வாங்கி அதன் மேல் மரக்கூடு கட்ட முடிந்தவரெல்லாம் பஸ் முதலாளி. வண்டி நிறைந்தால்தான் புறப்படும். எதிரி வண்டி முன்னால் போய்விட்டால் டிக்கட் விலை பாதியாகும். லாபம் வரும் சாலையில் நாலு வண்டி ஒன்றையொன்று துரத்தும், வராத சாலையில் மாட்டுவண்டிதான். இந்தப் போட்டி ரயிலின் வருமானத்தையும் தின்னத் தொடங்கியதும்தான் அரசாங்கத்துக்கு விழிப்பு வந்தது. மிட்செல், கிர்க்னஸ் என்ற இரு அதிகாரிகள் 1933இல் சாலை – ரயில் போட்டி குறித்து அறிக்கை தந்தார்கள். அதன் வழியாகப் பிறந்ததுதான் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். பயணியின் வசதியைவிட ரயிலின் கஜானாவுக்காகவே அது பிறந்தது என்று சொன்னால் பெரிய தவறாகாது. ஆனால் விளைவு வேறாக அமைந்தது. இனி வழிக்கு ஒரு பர்மிட், பர்மிட்டோடு சேர்ந்து ஒரு நேர அட்டவணை, ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் ஒரு கட்டணம். மூன்றையும் அரசாங்கமும் வட்டாரப் போக்குவரத்து அதிகார அமைப்பும் நிர்ணயிக்கும். நேரத்துக்கு வரும் தனியார் பேருந்து என்ற நினைவின் வேர் பெரிதும் இந்தக் காகிதத்தில் இருக்கிறது. பத்து மணிக்கு என் வண்டி, பத்தேகாலுக்கு உன் வண்டி என்று எழுதி வைத்த பிறகுதான் பத்து மணிக்குப் புறப்படுவதில் முதலாளிக்கு லாபம் வந்தது. ஐந்து நிமிடம் தாமதித்தால் பின்னால் வருகிறவன் ஆளை அள்ளிக்கொண்டு போய்விடுவான்.

மதுரையில் இந்தக் கதை வேறு அளவில் நடந்தது. திருக்குறுங்குடியில் பிறந்து, வக்கீல் தொழில், ரயில்வே வேலை, வங்கி வேலை என்று சுற்றிவிட்டு மதுரையில் நிலைகொண்ட டி.வி. சுந்தரம் ஐயங்கார், 1911இல் தொழில் தொடங்கி, 1912இல் பேருந்து விட்டார். சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் அது ஒரு ஊரின் வண்டி என்ற நிலையைத் தாண்டி, தென்மாவட்டங்களின் பல ஊர்களை இணைக்கும் வண்டிக்கூட்டமாக வளர்ந்தது. பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று மதுரைப் பக்கம் இன்றும் சொல்லுவார்கள். அந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது? முதலாளியின் குணத்துக்கு உரிய பங்கைக் கொடுத்துவிடுவோம். ஆனால் குணத்தால் மட்டும் கிளட்ச் பிளேட் கிடைக்காது. அந்த நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்றது, உதிரிபாகங்களை வைத்திருந்தது, பெரிய ஒர்க்‌ஷாப் நடத்தியது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் ரேஷனுக்குப் போனபோது கரியை எரித்து வாயு எடுத்து எஞ்சினை ஓட்டும் கருவியைத் தானே வடிவமைத்துத் தயாரித்து, தன் வண்டிகளை ஓட்டியதோடு பிறருக்கும் விற்றது. ஒரு வண்டி வழியில் நின்றால் மாற்று வண்டி அனுப்ப ஷெட்டில் ஆள் இருந்தது. ஒற்றை வண்டிக்காரருக்கு இதில் ஒன்றுகூடச் சாத்தியமில்லை. ஆக, மதுரை பெருமைப்பட்டுக்கொண்ட அந்த நேரந்தவறாமை, வழியின் மீதிருந்த ஏறக்குறைய ஏகபோகமும் பெரிய பட்டறையும் சேர்ந்து பெற்ற பிள்ளை. போட்டியிலிருந்து அது பிறந்தது என்று சொல்லுகிறவர்கள், அந்த வழிகளில் போட்டி எவ்வளவு குறைவு என்பதைக் கவனிக்கவில்லை.

பொள்ளாச்சியில் 1931இல் நாச்சிமுத்துக் கவுண்டர் தொடங்கிய ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட், கும்பகோணத்தில் ராமன் அண்ட் ராமன் என்று தமிழ்நாட்டில் இன்னும் சில பெரிய பெயர்கள் எழுந்தன. இவற்றின் வண்டிகளும் நல்ல வண்டிகள்தாம். ஆனால் ஒரு கம்பெனியின் பெருமையை எழுதும்போது அது ஓட்டிய வழிகளை மட்டும் பார்க்கிறோம்; ஓட்ட மறுத்த வழிகள் ஆவணத்தில் ஏறுவதில்லை. பர்மிட்டுக்கு மனுப் போடுவது உரிமை, கடமை கிடையாது. மலையடிவாரக் கிராமத்துக்கு யாரும் மனுப் போடவில்லை என்றால் அந்தக் கிராமத்துக்குப் பஸ் இல்லை, கதை முடிந்தது. ‘லாபமில்லாத இடத்துக்கு ஏன் போக வேண்டும்?’ என்பது வணிகத்தில் நியாயமான கேள்வி. அதைக் கேட்கும் உரிமையை வைத்துக்கொண்டே ஒருவர் நேரத்துக்கு ஓட்டினார் என்பதை மறந்துவிட்டு, அந்த உரிமை இல்லாதவரோடு அவரை ஒப்பிடுவதுதான் அநியாயம்.

இனிச் சேலத்துச் சமவெளிக்கு வருவோம். மதுரைக்கு டி.வி.எஸ்., பொள்ளாச்சிக்கு ஏ.பி.டி. என்பதுபோல ஊரே தன் பெயராகச் சொல்லும் ஒற்றை நிறுவனம் ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு, ஆத்தூர்ப் பக்கம் மக்கள் நினைவில் நிற்கவில்லை. ஒரு வண்டி, இரண்டு வண்டி, ஐந்து வண்டி வைத்திருந்த பலருடைய பெயர்கள் நின்றன. முன்கண்ணாடிக்கு மேலே குலதெய்வத்தின் பெயரோ மகளின் பெயரோ இருக்கும். இதை வட்டாரத்து மக்களின் தொழில் ஊக்கம் என்று புகழ்வது வழக்கம். ஊக்கம் உண்மை. ஆனாலும் அதற்குப் பின்னால் அரசாங்க உத்தரவு ஒன்று இருப்பதை வரலாற்றுக்காரன் விட்டுவிடக் கூடாது. 1956 ஏப்ரல் 28 தேதியிட்ட, 1298 எண் கொண்ட அரசாணை பர்மிட் தருவதற்கு ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. ஒர்க்‌ஷாப் இருக்கிறதா, அனுபவம் உண்டா, அந்த வழியில் குடியிருப்போ தொழிலிடமோ இருக்கிறதா என்று பார்த்து மார்க். அதோடு, சின்ன உரிமையாளர் ஐந்து வண்டிகொண்ட, தாக்குப்பிடிக்கும் அளவை எட்டுவதற்கும் மார்க். பள்ளிக்கூடப் பரீட்சை போலத்தான். கும்பகோணத்தில் ஒரு கம்பெனிக்குக் கிளை அலுவலகம் உண்டா இல்லையா, அதற்கான மார்க் அதற்குச் சேருமா என்ற விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது என்றால் அந்தக் காகிதத்தின் விலை புரியும். சென்னை – கிருஷ்ணகிரி வழிக்கான வழக்கொன்றில், பர்மிட் வழங்குவது நீதிபரிபாலனம் போன்ற வேலை, அதில் அரசு இப்படி உத்தரவு போட முடியாது என்று 1964இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைத் தள்ளியது. அதற்குள் எட்டு ஆண்டுகள் ஓடியிருந்தன. சிறுசிறு உரிமையாளர்கள் பலர் காலூன்றிவிட்டார்கள்.

வழியின் காகிதம் எவ்வளவு தீர்மானமானது என்பதற்கு இந்த மாவட்டமே இன்னொரு சான்று தருகிறது, அது லாரி. நாமக்கல் இந்தியா முழுக்க லாரிக்குப் பெயர்போன ஊர். பாடி கட்டும் பட்டறைகள், டயர்க் கடைகள், பைனான்ஸ் கம்பெனிகள் என்று ஒரு நகரமே அதன் மேல் எழுந்திருக்கிறது. பஸ்ஸில் ஐந்து வண்டியைத் தாண்டத் திணறிய அதே ஊர்க்காரர்கள் லாரியில் எப்படிப் பெருகினார்கள்? லாரிக்கு வழி கிடையாது. சரக்கு இருக்கிற இடத்துக்குப் போகும், வாடகை படிகிற அளவுக்கு வாங்கும். 1975இல் தேசிய பர்மிட் வந்த பிறகு மாநில எல்லைகளும் இளகின. ஆம்னி பஸ் தொழிலிலும் இதே கதைதான். சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு பல நகரங்களை இணைத்து வளர்ந்த கே.பி.என். போன்ற நிறுவனத்தின் வண்டி சட்டத்தின் கண்ணில் ஒப்பந்த ஊர்தி. ஸ்டேஜ் கட்டணமும் வழியோர நிறுத்தமும் அதற்கு இல்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டிக்கட் விலை எங்கே போய் நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வழியும் கட்டணமும் பிறர் கையில் இருந்த இடத்தில் மூலதனம் சின்னதாகவே இருந்தது, இரண்டும் தன் கைக்கு வந்த இடத்தில் பெரிதானது. ஆள் ஒன்றுதான், மண் ஒன்றுதான்.

அரசுடைமைக் காலம் பற்றி நிறைய எழுதியாயிற்று, சுருக்கமாகச் சொல்லலாம். சென்னை நகரில் 1947 முதலே அரசு வண்டி விடத் தொடங்கியிருந்தது. 1967இல் வந்த தி.மு.க. ஆட்சி நீண்டதூர வழிகளைக் கைக்கொண்டது. பெரிய வண்டிக்கூட்டங்களை எடுத்துக்கொள்ள 1971இல் ஒரு சட்டம். 1972இல் மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன்; 1973இல் சேலத்தில் அண்ணா போக்குவரத்துக் கழகம். கழகங்கள் வண்டியை மட்டும் வாங்கவில்லை, ஷெட்டையும் ஊழியர்களையும் அவர்களுடைய பழக்கங்களையும் சேர்த்தே வாங்கின. மீதியிருந்தவர்களையும் எடுக்க 1973இல் வந்த சட்டத்தை உயர் நீதிமன்றம் தள்ளியது. 1983இல்தான் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. அந்தப் பத்தாண்டில் அரசின் சூடு தணிந்துவிட்டது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பர்மிட்டைத் தாராளமாகக் கொடு என்றபோதும் தமிழ்நாட்டின் அரசுடைமைத் திட்டங்கள் பல வழிகளைப் பூட்டியே வைத்திருந்தன. சிறு உரிமையாளர்களுக்குக் கொடுத்திருந்த பர்மிட்டுகளைக் காப்பாற்ற 1992இல் தனியாக ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. இந்தச் சட்டச் சிக்கல்களின் இடுக்கில்தான் சேலம், நாமக்கல் மாவட்டத் தனியார் பேருந்து உயிரோடிருக்கிறது. புது பர்மிட் எளிதில் பிறக்காது என்பதால் பழைய பர்மிட்டுக்கு வண்டியைவிட விலை அதிகம். சுதந்திரச் சந்தையின் அடையாளம் என்று நாம் காட்டும் அந்தப் பஸ், அரசு அடைத்து வைத்த வேலிக்குள் மேய்கிற பசு.

இதற்குப் பலமான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ராசிபுரம் சாலையில் தனியார் வண்டியும் அரசு வண்டியும் ஒரே கட்டணத்தில் ஓடுகின்றன. 2018 ஜனவரியில் உயர்த்திய அந்தக் கட்டணம் இருவருக்கும் பொது, டீசல் விலையும் பொது. பின்னே ஒருவருக்கு லாபமும் மற்றவருக்கு நஷ்டமும் எப்படி? நிர்வாகக் கோளாறுதானே? பாதிக் காரணம் அதுதான் என்று ஒப்புக்கொள்கிறேன். மழையில் ஒழுகும் கூரைக்கும் மேட்டில் நின்றுபோகும் எஞ்சினுக்கும் எந்தச் சமூகநீதியும் பதிலாகாது. தனியார் முதலாளி காலையில் டயரைத் தட்டிப் பார்க்கிறார். டெப்போவில் அந்தக் கவலை யாருடையது என்றே தெரிவதில்லை. மறுபாதி கணக்கில் இருக்கிறது. தனியார் வண்டியில் கண்டக்டரும் டிரைவரும் கலெக்‌ஷனைப் பொறுத்துப் படி வாங்குகிறார்கள்; அரசு ஊழியருக்கு நிலையான சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. அதை நான் கழகத்தின் குற்றமாகப் பார்க்கவில்லை. தனியார் வண்டி கூட்டமுள்ள சாலையில், கூட்டமுள்ள நேரத்தில் ஓடுகிறது. போதமலை அடிவாரத்துக்கும் கொல்லிமலைக்கும் போகும் வண்டியின் நஷ்டத்தைப் பிரதான சாலையின் லாபம்தான் தாங்க வேண்டும், அந்த லாபமோ பங்கு போடப்பட்டுவிடுகிறது. போதாக்குறைக்கு, 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஏலக் களத்தில் மஞ்சள் தரம் பிரிக்கப் போகிற பெண்ணுக்கு அன்றாடக் கூலியில் மிச்சமாகும் அந்தக் காசு, கழகத்தின் கணக்கில் அரசு ஈடுகட்ட வேண்டிய தொகையாக ஏறுகிறது. இந்தக் கணக்கையெல்லாம் சேர்த்த பிறகும் அரசு வண்டியின் நஷ்டம் முழுக்க நியாயமானது என்று நான் வாதிடவில்லை. ஆனால் இரண்டு வண்டியும் ஒரே பந்தயத்தில் ஓடுகின்றன என்பது மட்டும் உண்மையில்லை.

அப்படியானால் வேலியை எடுத்துவிட்டுப் பார்க்கலாமே என்பார்கள். பார்த்திருக்கிறார்கள். இலங்கையில் பஸ் கம்பெனிகளை அரசு 1958இல் எடுத்துப் போக்குவரத்துச் சபை அமைத்தது. இருபது ஆண்டு கழித்து, 1979 வாக்கில், தனியாருக்கு மறுபடி கதவு திறந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் ஒற்றை வண்டிக்காரர்கள். நிறையும்வரை நிற்பது, நிறைந்ததும் பறப்பது என்ற நம்முடைய 1920கள் கொழும்பு வீதிகளில் திரும்ப நடந்தன. பெரிய கம்பெனிகளிடம் விட்டால் சரியாகிவிடும் என்பாருக்குப் பிரிட்டன். அங்கே 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மறு ஆண்டு லண்டனுக்கு வெளியே பேருந்தை முற்றாகத் திறந்துவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் 1980இல் குடும்பத் தொழிலாகப் பிறந்த ஸ்டேஜ்கோச் பல நகரங்களுக்குப் பரவி உலகப் பெயரானது. முதலில் ஒரே தெருவில் பல நிறப் பேருந்துகள். பிறகு வாங்கியும் விலகியும் ஊருக்கு ஓரிரு கம்பெனி. லாபமில்லாத வழிக்கு உள்ளூர் நிர்வாகத்தின் பணம். மான்செஸ்டர் வட்டாரம் 2023இல் தொடங்கி 2025 ஜனவரிக்குள் வழியையும் நேரத்தையும் கட்டணத்தையும் தன் கைக்கே திருப்பிக்கொண்டது. வண்டியை ஓட்டுகிறவை இன்றும் தனியார் கம்பெனிகள்தாம், ஸ்டேஜ்கோச் உட்பட. லண்டனும் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் செய்தது: எந்த வழி, எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்பதை நகரம் சொல்லும், குறைந்த விலைக்கு நன்றாக ஓட்டுகிறவர் ஒப்பந்தம் எடுப்பார்.

நம் ஊரில் அதன் சாயல் 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடிப் பணிமனையில் தெரிந்தது. மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்காக 120 மின்சாரப் பேருந்துகள் அன்று புறப்பட்டன. அவற்றை ஓட்டுவது அசோக் லேலண்டின் கிளை நிறுவனமான ஓம் குளோபல் மொபிலிட்டி. வண்டியும் ஓட்டுநரும் பராமரிப்பும் கம்பெனியின் பொறுப்பு. வழியும் கட்டணமும் கழகத்தினுடையவை. ஓடிய கிலோமீட்டருக்குக் கழகம் பணம் தருகிறது, டிக்கட் காசு கழகத்துக்கு. இது பின்வாசல் வழியான தனியார்மயம் என்ற தொழிற்சங்கங்களின் அச்சத்தில் பொருள் உண்டு: பணிமனையும் ஓட்டுநரும் கழகத்தின் கையைவிட்டுப் போய்விட்டால், ஒப்பந்தம் முடிகிற நாளில் பேரம் பேசும் பலம் யாரிடம் இருக்கும்? டி.வி.எஸ். வண்டிகளை எடுத்தபோது பட்டறை அறிவும் கூடவே வந்தது. இதில் அது எதிர்த்திசையில் போகிறது. ஆனால் அச்சப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஒப்பந்தத்தில் ஆளில்லாமல் ஓடும் இரவு பத்து மணி டிரிப்புக்கும் கம்பெனிக்கு அதே கிலோமீட்டர்க் காசுதான், அதை நிறுத்துவதால் அதற்கு நஷ்டமே தவிர லாபமில்லை. ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை வழியாக மெட்டாலாவுக்கும் மங்களபுரத்துக்கும் போகும் கடைசி வண்டியின் கதை அப்படியில்லை. தனியாரானால் அன்றைய கலெக்‌ஷன் அதைத் தீர்மானிக்கிறது, அரசு வண்டியானால் டெப்போவில் அன்றைக்கு எத்தனை டிரைவர் வந்திருக்கிறார் என்பது தீர்மானிக்கிறது.